பிரேக் மிதிக்கிறவள்

அவர் கடைசியாக என்னிடம் கேட்டது மதியத்துக்கு என்ன வெஞ்சனம் என்பதுதான். ஒரு பழைய பியட் காரின் ஓட்டுநர் இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் பின்சக்கரத்துக்கு அருகே வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தார்.

"மிதி," என்றார். நாலைந்து முறை மிதித்தேன்.

"பிடி." மிதித்த காலை எடுக்காமல் அழுத்தி வைத்தேன். கீழே ஸ்பேனர் திரும்பியது. பெடல் என் பாதத்தோடு மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது.

"விடு."

பிறகு மறுபடி மிதி. குழாயில் இருக்கும் காற்று முழுவதும் வெளியேறும்வரை இப்படியே. எங்கள் தொழிலில் இதற்கு ஏர் எடுப்பது என்று பெயர். காற்று இருக்கிற பெடல் பிசைந்த மாவை மிதிப்பது போல இருக்கும். காற்றுப் போனபின் அதே பெடல் சிமெண்டுத் தரை போலக் காலைத் தாங்கும். அந்தத் தரை வந்ததும் நான், "நின்னுருச்சுங்க," என்பேன். அவர் என் வார்த்தையை நம்பித்தான் காற்று வெளியேறத் திறந்த நிப்பிளை இறுக்குவார்.

"வெஞ்சனம் என்ன, ஜோசு?"

"கத்தரிக்காயும் கருவாடும்."

"கருவாட்டை எடுத்து வையி, ராத்திரிக்குத் திங்கிறேன். பெருமாள்சாமி அண்ணன மலைக்குக் கூட்டிட்டுப் போகணும். வாடை அடிச்சா அந்த மனுசன் கண்ணாடிய இறக்கிவிட்டுட்டு வழியெல்லாம் தும்மிக்கிட்டே வருவாரு."

நான் சிரித்தேன். அவர் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, வெறும் கத்தரிக்காய்க் குழம்போடு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

என் கணவர் பெயர் அருள்நாதன். திண்டுக்கல்லில் பழனி ரோட்டில் எங்கள் பட்டறை. இன்ஜின் வேலை, பெயிண்ட் வேலை எதுவும் கிடையாது, பிரேக் மட்டும்தான். பிரேக் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடியில், ஒருவர் பெடலில். கல்யாணமான புதிதில் ஒரு நாள் ஆள் வரவில்லை என்று என்னை உட்கார வைத்தார். அதற்குப் பிறகு அவர் ஆள் தேடவில்லை. வருகிறவர்கள், "அருளு பொண்டாட்டி மிதிச்சாத்தான்யா வண்டி நிக்கும்," என்று கேலி பேசுவார்கள். அவருக்கு அதில் பெருமை.

பெருமாள்சாமி வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். சிறுமலையில் அவருக்குத் தோட்டம் உண்டு. வண்டி ஒரு பழைய மார்க் த்ரீ அம்பாசிடர். தொண்ணூற்றேழாம் வருடம் ஆயுத பூசைக்கு முந்தின வாரம் அதை எங்களிடம் கொண்டுவந்து விட்டார். ஒரு மிதிக்குப் பிடிக்கவில்லை, இரண்டு மூன்று மிதி மிதித்தால்தான் நிற்கிறது என்றார்.

அந்த வண்டியில் மாஸ்டர் சிலிண்டர், ஓட்டுகிறவரின் காலுக்கு அடியில் இருக்கும். ரப்பர் மேட்டைத் தூக்கி, தகட்டைக் கழற்றினால் அதன் மூடி தெரியும். நாம் பெடலை மிதிக்கும்போது அதற்குள் இருக்கும் ரப்பர் கப்தான் பிரேக் ஆயிலை நாலு சக்கரத்துக்கும் தள்ளுகிறது. காலை எடுத்தால் அது பின்னுக்கு வந்து ஒரு சிறு துளைக்கு வழிவிட வேண்டும். அப்போதுதான் ஆயில் திரும்பி வரும், சக்கரம் விடுபடும். அவ்வளவுதான் விஷயம். அந்தச் சின்ன ரப்பரைத் தொடுவதற்கு முன் அவர் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவார். பெட்ரோலோ கிரீஸோ பட்ட கையால் அதைத் தொட விடமாட்டார். "மத்த எண்ணெய் பட்டா இது ஊதிப் போயிரும் ஜோசு. பிரேக் ஆயிலத் தவிர இதுக்கு எதுவும் சேராது," என்று சொல்லிக்கொண்டே மாட்டுவார்.

அன்றும் அப்படித்தான் புதுக் கப் மாட்டினார். நாலு சக்கரத்துக்கும் ஏர் எடுத்தோம். பெடல் தரை போல நின்றது. சிலிண்டரின் மேல் தொட்டியில் விளிம்புக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு ஆயில் ஊற்றி மூடினார். எப்போதும் அந்த இடம் விடுவார், சூட்டில் ஆயில் எழும்பும் என்பதால்.

ஆயுத பூசை முடிந்து சில நாள் கழித்து, பெருமாள்சாமியின் டிரைவர் ஊருக்குப் போயிருந்ததால், இவரை வண்டி ஓட்டக் கூப்பிட்டார்கள். மலைக்குப் போய் அவரைத் தோட்டத்தில் விட்டுவிட்டு, பின் இருக்கையில் வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு இவர் மட்டும் திரும்பி இறங்கினார். பாதி இறக்கத்தில் பிரேக் போய்விட்டது. பள்ளத்தின் பக்கம் போகாமல் மலையின் பக்கம் திருப்பியிருக்கிறார். வண்டி இரண்டாவது கியரில் இருந்ததாகச் சொன்னார்கள்; கியரைக் குறைத்து நிறுத்தப் பார்த்திருக்கிறார். பின்னால் வந்த பஸ்காரர்கள் இறங்கிப் பார்த்தபோது உயிர் இல்லை. பொழுது சாய்வதற்குள் எனக்குச் செய்தி வந்தது.

அடக்கத்தன்றே அந்தப் பேச்சு கல்லறைத் தோட்டத்தில் என் காதில் விழுந்தது. "கப்பத் திருப்பிப் போட்டுட்டானாம்யா. தான் பாத்த பிரேக்கே தன்னய வாங்கிருச்சு." சொன்னவர் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் வாடிக்கையாளர்கள் வந்தார்கள். துக்கம் விசாரித்தார்கள். போகும்போது பட்டறையில் நின்ற தங்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த பியட்டும் போனது. அதை யாராவது மிதித்துப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. அதன் பெடல் அத்தனை நன்றாக நின்றிருந்தது.

பெருமாள்சாமி மூன்று முறை வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் அழுதார். பொய்யழுகை இல்லை. ஆனால் மண்டியில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம், "பாவம், பூசை நேரம், வேலை குமிஞ்சு கெடந்துச்சு, அவசரத்துல கப்ப மாத்திப் போட்டுட்டாப்ல. யாருக்கும் வராதா?" என்று அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அன்பாகச் சொன்னார். அன்பாகச் சொன்னதால் ஊர் நம்பியது.

என் கொழுந்தன் சிலுவைமுத்து நூற்பாலையில் வேலை பார்ப்பவன். கெட்டவன் இல்லை. பட்டறையை டயர்க்கடைக்கு விட ஆள் பேசி வந்து என் முன் உட்கார்ந்தான்.

"மதினி, பலகைய இறக்கிருவோம். அண்ணன் பேரப் போட்டு இனி இங்க எவனும் பிரேக் பாக்க வரமாட்டான்."

"வண்டி எங்க இருக்கு?"

"எந்த வண்டி?"

"உங்க அண்ணன் செத்த வண்டி."

"போலீஸ்ல விட்டுட்டாங்க. பெருமாள்சாமி செட்டுல கெடக்கு. காயலாங்கடைக்குப் பேசியிருக்காராம்."

"அதுக்கு முன்னால அந்த மாஸ்டர் சிலிண்டரக் கழத்திப் பாக்கணும்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "முப்பதாம் நாள் பூசை இன்னும் முடியல. நீங்க படி தாண்டக் கூடாது."

"உங்க அண்ணன் பேரு படி தாண்டி மண்டி வரைக்கும் போயிருச்சு தம்பி. நான் போய்க் கூட்டிட்டு வாரேன்."

"தெறந்து பாத்து, கப்பு திரும்பித்தான் இருக்குன்னா?"

"நானே ஏணி வச்சு ஏறிப் பலகைய இறக்குறேன். நீ டயர் கடைக்கு விடு. கொடைக் கடைக்கு விடு. என்னன்னு கேக்க மாட்டேன்."

மறுநாள் காலை கிளம்பினேன். தெருவில் பெண்கள் கதவோரம் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பேச்சாயி மட்டும் பூக்கட்டிக்கொண்டிருந்த நாரைக் கீழே போட்டுவிட்டு, "நானும் வாரேன்க்கா, அம்புட்டு தூரம் தனியா எதுக்கு?" என்று கூடவே நடந்தாள். சிலுவைமுத்து செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தான். வழியில் மெக்கானிக் சங்கத் தலைவர் பாண்டியராஜ் கடையில் நின்று அவரையும் கூப்பிட்டேன். தொழில் தெரிந்த ஒரு வெளி ஆள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக.

"என்னக்கா, நீங்களா கழத்தப் போறீங்க?" என்றார் பாண்டியராஜ்.

"உங்க ஸ்பேனரக் குடுங்க. கையும் காலும் எங்கிட்ட இருக்கு."

"வேணாம்க்கா. ஊரு சொல்ற மாதிரி இருந்துட்டா உங்களுக்குத்தான் சங்கடம்."

"சங்கடப்பட்டுக்கிறேன். வாங்க."

செட்டில் வண்டி ஒரு மூலையில் கிடந்தது. முன்பக்கம் நசுங்கி, ஸ்டியரிங் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இருக்கையில் வாழைப்பாலின் கறை கறுத்துப்போயிருந்தது. மற்ற கறைகளை நான் பார்க்கவில்லை. பெருமாள்சாமி மண்டியிலிருந்து ஓடி வந்தார்.

"ஏத்தா தங்கச்சி, செத்தவனக் கெளறாத. அவன் ஆத்மா சாந்தியா இருக்கட்டும்."

"சாந்தியா இருக்கணும்னுதான்ணே வந்திருக்கேன்."

"நான் என்ன அவனக் கொறையாவா சொன்னேன்? மனுசனுக்குத் தப்பு வராதான்னுதான் சொன்னேன்."

"அதத்தான் பாக்கப் போறோம். வந்துச்சா, வரலையான்னு."

முதலில் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். அவர் உட்கார்ந்திருந்த இடம். பேச்சாயி வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலைப் பெடலில் வைத்தேன். பெடல் கல்லாக இருந்தது. ஆளெடை முழுவதும் கொடுத்து மிதித்ததும் கொஞ்சம் இறங்கியது. காலை எடுத்தேன். அது திரும்பி மேலே வரவில்லை. இறங்கிய இடத்திலேயே நின்றது.

"பாண்டியராஜ், கை வச்சுப் பாருங்க."

அவர் குனிந்து பெடலைத் தட்டிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த பரிதாபம் போய்விட்டது. "கப்பத் திருப்பிப் போட்டா மிதி லேசாப் போகும். பிடிக்காது. இது இறுகிப்போய்க் கெடக்கே," என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொன்னார்.

நான் இறங்கி ரப்பர் மேட்டைத் தூக்கினேன். மேட்டின் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. தோட்டத்துக்கும் மண்டிக்கும் ஓடுகிற வண்டியில் அந்த இடத்தில் கைப்பிடி மண் இருக்க வேண்டும். யாரோ தூக்கிக் கழுவியிருக்கிறார்கள். தகட்டின் திருகுகள் விரலாலேயே கழன்றன. என் கணவர் அவற்றை அப்படி விடுகிறவர் அல்ல. தகட்டை எடுத்தேன்.

மாஸ்டர் சிலிண்டரின் மூடி மேல், காய்ந்து வெடித்து, ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. நடுவில் குங்குமம்.

வண்டிக்குப் பொட்டு வைப்பது எல்லாரும் செய்வதுதான். ஸ்டியரிங்கில் வைப்பார்கள், பானெட்டில் வைப்பார்கள், இன்ஜினில், சக்கரத்தில் வைப்பார்கள். மேட்டுக்கு அடியில், தகட்டுக்கும் அடியில் இருக்கிற மூடிக்கு வைக்க வேண்டுமென்றால் அந்த மூடி வரைக்கும் ஒரு கை போயிருக்க வேண்டும். எங்கள் பட்டறையில் யாரும் பொட்டு வைப்பதில்லை. எங்கள் சுவரில் அந்தோணியார் படம்தான்.

"அண்ணே," என்றேன். "இந்த வண்டிய ஆயுத பூசைக்குக் கழுவுனது யாரு?"

"நான்தான். டிரைவர் லீவு."

"இந்த மூடியத் தெறந்தீங்களா?"

நான் மூடியைத் திருகி எடுத்தேன். தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. மேலே மிதந்தது கறுப்பாக, வழவழப்பாக இருந்தது. விரலில் தொட்டு மூக்கருகே வைத்தேன். இன்ஜின் ஆயில்.

பேச்சாயி டீக்கடையிலிருந்து ஒரு காலி சர்பத் பாட்டில் வாங்கி வந்தாள். பாண்டியராஜ் பைப் நட்டை இளக்கினார், மற்ற போல்ட்டுகளை நான் கழற்றினேன். சிலிண்டரைச் சாய்த்து உள்ளே இருந்ததைப் பாட்டிலில் ஊற்றினோம். குலுங்கி ஒன்றாகத் தெரிந்தது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரிந்து இரண்டு நிறமாக நின்றது. பிறகு கப்பை வெளியே இழுத்தோம். சுலபமாக வரவில்லை. அதன் உதடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம்தான் பார்த்தது. சரியாகத்தான் மாட்டியிருந்தார். ஆனால் கப் ஊறின வடை போல ஊதிக் கிடந்தது. பாண்டியராஜ் தன் பையிலிருந்து புதுக் கப் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வெளியே வந்ததை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிப் பார்த்தார். போகவில்லை.

"துளைய அடைச்சுக்கிட்டு நின்னுருக்கு," என்றார். "மிதிச்ச பிரேக்கு விடல. ஏறும்போது மலை இழுக்குதுன்னு நெனச்சிருப்பாரு. புதுக் கப்பு, அப்படித்தான் இறுக்கமா இருக்கும்னும் நெனச்சிருப்பாரு. இறங்கும்போது சக்கரத்து டிரம்மெல்லாம் சூட்டுல பழுத்து, ஆயில் கொதிச்சு ஆவியாகி, மிதி அப்படியே உள்ள போயிருக்கும். சூடு ஆறினதும் மறுபடி இறுகிருச்சு."

பெருமாள்சாமி செட்டின் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"கொறையா இருந்துச்சு தங்கச்சி," என்றார். "எல்லாத்தயும் நெறைச்சேன். ரேடியேட்டர்ல தண்ணி, பேட்டரில தண்ணி, டாங்க் நெறைய பெட்ரோல். பூசையன்னிக்கு வண்டில எதுவுமே கொறையா இருக்கக் கூடாதுன்னு எங்கய்யா சொல்லுவாரு. கையில ஆயில் டின் இருந்துச்சு. அதுலயும் ஊத்தி நெறைச்சேன். ஆயில்தானன்னு நெனச்சேன்."

பேச்சாயி, "ஆயில்தானன்னு மாட்டுக்கு ஊத்துவீகளா?" என்றாள். சிலுவைமுத்து அவளை அடக்கினான்.

அவன் அழுதுகொண்டிருந்தான். அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, "போதும் மதினி. அண்ணன் மேல தப்பில்லன்னு நமக்குத் தெரிஞ்சு போச்சு. வாங்க போவோம். பெரிய மனுசன், வேணும்னா செஞ்சாரு? இத்தோட விட்டுருவோம்," என்றான். பாண்டியராஜும் தலையாட்டினார்.

"நமக்கு எப்பவும் தெரியும் தம்பி," என்றேன். "எனக்கு ஏர் எடுக்கப் பெடல மிதிச்ச அன்னிக்கே தெரியும். தெரியாதது ஊருக்குத்தான்." பிறகு பெருமாள்சாமியிடம் திரும்பினேன். "தப்பா ஊத்துனதுக்கு நான் உங்களக் கேக்க வரல. மண்டில உக்காந்து கப்பத் திருப்பிப் போட்டான்னு சொன்னீங்கள்ல, அதே எடத்துல உக்காந்து ஊத்துனது நான்னு சொல்லணும்."

"சொல்றேன்த்தா. செத்த பொறு. ஒரு நல்ல நேரம் பாத்து, நாலு பேரு கிட்ட..."

"நாளைக்குக் காலைல ஏலத்துக்கு எல்லாரும் வருவாங்க. நானும் வாரேன்."

வீட்டுக்கு ஆள் மேல் ஆள் வந்தார்கள். பெருமாள்சாமி கோயில் காரியத்துக்கு அள்ளிக் கொடுக்கிறவர், அவர் தலைகுனிந்தால் ஊருக்கே அவமானம் என்றார்கள். நம் மதத்தில் மன்னிப்பதுதான் பெரிது என்று எங்கள் ஆட்களே எனக்குச் சொன்னார்கள். ஒரு மாமி, "நீ பொம்பள, மண்டில போய் ஆம்பளைங்க நடுவுல நிப்பியா?" என்றார். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பழகியவள் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

காலையில் மண்டி வாசலில் தார்கள் குவிந்திருந்தன. வத்தலக்குண்டு, சேவுகம்பட்டி வியாபாரிகள் நின்றார்கள். சுமை தூக்குகிறவர்கள் என்னைச் சுற்றி வழி விலகிப் போனார்கள். நான் ஒரு கையில் அந்தப் பாட்டிலும் இன்னொரு கையில் கப்புமாக வாசற்படியில் நின்றேன். பெருமாள்சாமி என்னைப் பார்த்தும் பார்க்காதது போல ஏலத்தைத் தொடங்கினார். இரண்டு குவியல் போனது. மூன்றாவது குவியலுக்கு விலை கேட்டபோது அவர் குரல் எழும்பவில்லை. ஒருவர், "என்ன பெருசு, தொண்டை கட்டிருச்சா?" என்று கேட்டார். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அருளு மேல தப்பில்லப்பா," என்றார். "பிரேக் ஆயில் ஊத்துற எடத்துல இஞ்சின் ஆயில ஊத்துனது நான். அவன் சரியாத்தான் மாட்டியிருந்தான். இந்தா நிக்குது பாரு அவன் பொண்டாட்டி, அவ கையில இருக்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டிலை உயர்த்திக் காட்டவில்லை. தாழ்த்தவும் இல்லை. பின்னாலிருந்து ஒருவர், "பிரேக் ஆயில் கெடக்கட்டும், காய்க்கு விலையச் சொல்லுய்யா," என்றார். அவரை இரண்டு பேர் அதட்டினார்கள். ஏலம் மறுபடி தொடங்கியது.

கூட்டம் கலைந்ததும் பெருமாள்சாமி என்னிடம் வந்து, கை கூப்பினார். "என்னய மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு தங்கச்சி."

"அதச் சாமிகிட்டக் கேளுங்க. நான் பிரேக் பாக்குறவ," என்றேன்.

இன்றுவரை அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. அது கல்நெஞ்சு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். என் வீட்டில் ஒரு ஆள் இல்லை, அதற்கு என் அனுமதியை யாரும் கேட்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் பட்டறையைத் திறந்தேன். இப்போது நான் அடியில் படுக்கிறேன். பேச்சாயி பூ வியாபாரம் முடித்து வந்து பெடலில் உட்காருகிறாள். முதல் நாள் கிளச்சை மிதித்துவிட்டு, "நிக்கவே மாட்டேங்குதுக்கா!" என்று கத்தினாள். முதல் ஆறு மாதம் வண்டிகள் குறைவு. வந்தவர்களும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆள் யாரு?" என்றுதான் கேட்டார்கள். "நான்தான்," என்றேன். சிலர் போனார்கள். இருந்தவர்களின் வண்டிகள் நின்றன. மூடி திறக்கும்போது கறுப்பாக ஏதாவது மிதந்தால், அவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் வாசலிலேயே நிறுத்திக் கேட்டுவிடுவேன். ஆயுத பூசை முடிந்த வாரத்தில் வருடத்துக்கு ஒன்றிரண்டு அப்படி வந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு மாருதி வந்தது, சுமோ வந்தது, டிஸ்க் பிரேக் வந்தது. மாஸ்டர் சிலிண்டர் காலுக்கடியிலிருந்து பானெட்டுக்குள் போய்விட்டது. கண்ணாடி போன்ற தொட்டி, வெளியிலிருந்தே அளவு தெரியும். நானும் கற்றுக்கொண்டேன். சிலுவைமுத்து ஆலையை விட்டு வந்து இப்போது என்னோடு வேலை பார்க்கிறான். இரண்டு பேரும் தினமும் சண்டை போடுகிறோம்.

எங்கள் பட்டறைக்கு எதிரே ரோட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆழமில்லை, ஒரு சக்கரம் இறங்கும் அளவுதான். அங்கே வந்ததும் எல்லா வண்டியும் பிரேக் அடிக்கும். நான் உள்ளே படுத்தபடி, ஒவ்வொரு வண்டியும் நிற்கிறதா என்று அந்தச் சத்தத்தைக் கேட்பேன். ரோட்டை எத்தனையோ முறை புதிதாகப் போட்டார்கள். ஒரு மழைக்கு அந்தப் பள்ளம் அதே இடத்தில் திரும்ப விழுந்துவிடுகிறது.